குத்பாவில் ஒரு பேர்

“துருக்கியை விட்டே துரத்தி முப்பது வருசமாச்சு, ஆளும் மவுத்தாகியாச்சு, அந்தக் கலீபாவுக்குப் போயி—”

“உலகத்து முஸ்லிமுக்கெல்லாம் தலைன்னு ஒருத்தர் வேணும், ராவுத்தரே, ஒரே ஒரு—”

“—வாராவாரம் துஆ கேக்கீரே, லெப்பை! அரபி படிச்ச ஒருத்தர் வந்து சொல்லித்தானே எங்களுக்கே தெரியுது!”

ஐம்பத்தைந்தாம் வருசம், சிராங்கூன் சாலைப் பக்கம் ஒரு சின்னப் பள்ளிவாசலில், வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குச் சற்று முன்னால் நடந்த சண்டை. ராவுத்தர்தான் பள்ளிவாசல் நிர்வாகி. வெள்ளிப் பிரசங்கமான குத்பாவை அரபியில் ஓதும் இபுறாகீம் லெப்பையின் கையில், அவர் அத்தா கடையநல்லூரிலிருந்து கொண்டுவந்த, கலீபா பேர் உள்ள பழைய குத்பாக் கிதாபு.

“அப்ப யார் பேரை வாசிக்க? இங்க ஆள்றது இங்கிலாந்து ராணி. அவங்க பேரையா?”

“நக்கலா, வே? நாட்டுக்கு நாடு ஒரு ராசா இருக்கான். எல்லாருக்கும் பொதுவாக் கேளும். அந்தப் பேரை வாசிச்சீரோ, அடுத்த வாரம் மிம்பருக்கு வேற ஆளு.”

லெப்பை மிம்பர் மேடையில் ஏறினார். பச்சைக் கண்ணாடி வழியே இறங்கிய வெயிலில் பள்ளியே தண்ணீருக்குள் இருப்பதுபோல் மிதந்தது. கலீபாவின் பேர் உள்ள வரி வந்ததும், அதை ஓதிய அத்தாவின் குரல் உள்ளுக்குள் கேட்டது. கடலெல்லாம் கலீபாவின் ஒரே குடை நிழலில் ஆடுவதாக அவருக்குத் தோன்றியது. பழைய பேரும் நாவில் எழவில்லை. புதுசாக எவர் பேரும் எழவில்லை. வெறுமனே நின்றார்.

அந்த மௌனத்துக்கும், வழக்கம்போல், ஜமாஅத்து மொத்தமும் “ஆமீன்” என்றது.

தொழுகை முடிந்ததும் ராவுத்தர் சிரித்தபடி வந்தார். “சொன்னபடியே மாத்தி வாசிச்சிட்டீரே, லெப்பை!”

“நான் யார் பேரையும் வாசிக்கலையே, ராவுத்தரே. இவங்க யாருக்கு ஆமீன் சொன்னாங்க?”