பக்கத்து சீட்டு பிரேக்

அவளுக்கு மூன்று நாளாக இருப்புக் கொள்ளவில்லை. அந்த மணல் தீவுக்கு வந்தவர்கள் எல்லாரும் கடலைப் பார்த்துக் கால் நீட்டி உட்கார்ந்திருக்க, இவள் மட்டும் காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவள் மாதிரி மரவீட்டின் அறைக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டிருந்தாள். காரணம் கைப்பைக்குள் இருந்தது. உள்ளங்கை அகலத்தில் ஓர் அட்டை. அதில் அவள் முகம், அவள் கையெழுத்து. கார் ஓட்டும் லைசன்ஸ். பதினான்கு மாதமாக அது அங்கேதான் கிடக்கிறது. மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் என்பார்கள். இவளுக்கு வீட்டுக்குள்ளேயே பயம்.

லைசன்ஸ் வாங்கியது ஒரு குற்றமா? வேறு ஒருத்திக்கு இல்லை. ஆனால் இவள் கட்டிக்கொண்டவர் ஊரறிந்த வாத்தியார், கார் ஓட்டக் கற்றுத் தருகிற வாத்தியார். இருபத்திரண்டு வருஷமாகப் பல் டாக்டரிலிருந்து பள்ளிக்கூட வாட்ச்மேன் வரை அவரிடம் ஸ்டியரிங் பிடித்தவர்கள்தான். வாத்தியார் பிள்ளை மக்கு என்று பழமொழி. பிள்ளை தப்பித்து வெளியூரில் படிக்கப் போய்விட்டான், மக்குப் பட்டம் பெண்டாட்டிக்கு வந்து சேர்ந்தது.

பயிற்சிக் காரில் வாத்தியார் உட்காரும் பக்கத்திலும் ஒரு பிரேக் இருக்கும். எட்டு வருஷத்துக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை இவளுக்குக் கற்றுத் தந்தார். கற்றுத் தந்தார் என்றா சொல்வது, மிதித்தார். இவள் மூச்சு விட்டால் பிரேக், கண் சிமிட்டினால் பிரேக். மூன்றாவது ஞாயிறு ஒரு ரவுண்டானாவின் நடுவில் இவள் கதவைத் திறந்து இறங்கி, பின்னால் ஹாரன்கள் அலற, வீட்டுக்கு நடந்தே வந்துவிட்டாள். "உனக்கு இது வராது, விடு" என்றார் அவர். கோபமாகச் சொல்லியிருந்தால்கூட மறந்திருப்பாள். பாவப்பட்டுச் சொன்னார்.

பிறகு ஒருநாள், தான் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்துவிட்டு மாலையில் வெளியே வந்தவள், நேராக எதிர்த் தெரு அம்மாவிடம் போய்ச் சேர்ந்தாள். அந்த அம்மாவும் டிரைவிங் ஸ்கூல் நடத்துபவர்தான். வாத்தியார் அந்தப் பெயரை வாயால் சொல்ல மாட்டார், "அந்தப் பக்கம்" என்பார். அந்தப் பக்கம் போய் இவள் முதல் தேர்விலேயே பாஸ். அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். அன்று அவருக்குத் தலைவலி. மறுநாள் அவருடைய மாணவன் ஒருவன் ஃபெயில். நாள் ஆக ஆகச் சொல்ல முடியாத பாரமாகிப் போனது.

இந்தத் தீவைத் தேர்ந்தெடுத்தது அவள்தான். ரோடே இல்லாத இடத்தில் மனுஷன் எந்த ரோடு விதியைப் பேசுவார், அமைதியாக இருக்கும்போது சொல்லிவிடலாம் என்று கணக்கு. அந்தக் கணக்கு முதல் நாளே தப்பியது. ஜீப்பை வாடகைக்குக் கொடுத்த ஆள், "மணல்ல நிக்கவே கூடாது. சந்தேகம் வந்தாலும் உருண்டுக்கிட்டே சந்தேகப்படுங்க. மாட்டிக்கிட்டா டயர்ல காத்த எறக்கி, வந்த தடத்துலயே பின்னால வாங்க" என்று விளக்கியபோது, வாத்தியார் அவனுக்குப் பக்கக் கண்ணாடியை எப்படித் திருப்பி வைப்பது என்று பாடம் எடுத்துக்கொண்டிருந்தார். கேட்டது இவள் மட்டும்தான்.

தீவில் பார்க்க எவ்வளவோ இருந்தது. மணல்மேடுகளுக்கு நடுவே, அடியில் கிடக்கும் இலைகூடத் தெரிகிற நன்னீர் ஏரி. பாறைமுனைக்குக் கீழே மூச்சு விட மேலே வந்து போகிற ஆமைகள். தூரத்தில் திமிங்கலங்கள் ஊதும் நீர்ப்புகை.

"ஏங்க, அதோ பாருங்க, ஆமை!"

"நான் ஓட்டிட்டு இருக்கேன்ல?"

"ஏங்க, பருந்து ஒண்ணு மீனத் தூக்கிட்டுப் போகுது!"

"ஓட்டிட்டு இருக்கேம்மா. நீ பாரு."

மூன்று நாளும் இதே பேச்சு. வண்டி நின்ற நேரத்தில் கடல் ஏறி இறங்கும் அட்டவணையை எடுத்து வைத்துக்கொண்டு வாட்சைப் பார்த்தார். நாய்க்கு வேலையும் இல்லை, நிற்க நேரமும் இல்லை என்ற கதைதான். சொல்ல வேண்டியது அவள் தொண்டை வரை வந்து வந்து திரும்பிப் போயிற்று.

மூன்றாம் நாள் கிளம்ப வேண்டும். மறுநாள் காலை வாத்தியாரின் நான்கு மாணவர்களுக்கு லைசன்ஸ் தேர்வு. இத்தனை வருஷத்தில் ஒரு தேர்வுக்கும் அவர் போகாமல் இருந்ததில்லை. காட்டுக்குள் மணல் தடம், பிறகு பதினெட்டு கிலோமீட்டர் கடற்கரை, அதன் முடிவில் படகுத்துறை. தண்ணீர் இறங்கியிருக்கும்போது மட்டுமே கரையில் வண்டி ஓடும். மதியம் ஒரு மணிக்குள் கடக்காவிட்டால் கடல்நீர் மணல்மேட்டின் அடிவரை ஏறிவிடும், படகும் போய்விடும். வாத்தியார் பத்து மணிக்கே கிளம்பிவிட்டார்.

முதல் நாள் வந்த தடத்தில் வண்டி புதையாமலிருக்க மரக்கட்டைகள் பதித்திருந்தார்கள். இன்று அதை மூடியிருந்ததால் வேறு தடத்தில் வந்தார்கள். அது கடற்கரையில் சேரும் இடத்தில் ஒரு பலகை: கரையில் வரும் வண்டிக்கு வழி விடவும். வேறு யாராக இருந்தாலும் ஓட்டிக்கொண்டே எட்டிப் பார்த்திருப்பார்கள். அந்தக் கரையில் கண்ணுக்கெட்டிய தூரம் ஒரு ஈ காக்கா இல்லை. வாத்தியார் முழுசாக நிறுத்தினார். ஹேண்ட்பிரேக் போட்டார். வலது பக்கம் பார்த்தார், இடது பக்கம் பார்த்தார், மறுபடி வலது பக்கம் பார்த்தார். அவர் பார்த்து முடிப்பதற்குள் ஜீப் பொதபொதவென்ற மணலில் இறங்கிவிட்டது.

யானைக்கும் அடி சறுக்கும். ஆனால் சறுக்கிய யானை ஆக்ஸிலேட்டரை மிதிக்காது. இவர் மிதித்தார். சக்கரம் சுற்றச் சுற்ற வண்டி இன்னும் புதைந்தது.

"காத்த எறக்கலாங்க. வந்த தடத்துலயே பின்னால..."

"நீ சும்மா இரு, எனக்குத் தெரியும்."

செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கையால் மணலைத் தோண்டினார். முக்கால் மணி நேரம். போனில் சிக்னல் கிடைக்கவில்லை, வேறு வண்டியும் வரவில்லை. கடைசியில் உடைந்த சிப்பி ஒன்று வலது பாதத்தில் ஆழமாகக் கீறிவிட்டது. இவள் அவரைத் தாங்கிக் கடல் ஓரத்துக்குக் கூட்டிப்போய், காலைக் கழுவித் தன் துப்பட்டாவைக் கிழித்துக் கட்டினாள். நிமிர்ந்தபோதுதான் ஜீப்பின் அருகே அதைப் பார்த்தாள்.

காட்டு நாய். வீட்டு நாய் போல மஞ்சள் நிறம், ஆனால் குரைக்கவில்லை, வாலை ஆட்டவும் இல்லை. சும்மா பார்த்தது. அவர் அவள் சட்டையை இழுத்தார். தண்ணீர்ப் பக்கத்திலிருந்து இன்னொன்று தலையைத் தாழ்த்தி வந்துகொண்டிருந்தது.

முதல் நாள் வனக்காவலர் அம்மா பத்துத் தடவை சொல்லி அனுப்பியிருந்தார்: ஓடக் கூடாது, குனியக் கூடாது, இரண்டு பேர் இருந்தால் முதுகோடு முதுகு ஒட்டிக் கையைக் கட்டிக்கொண்டு நிமிர்ந்து நிற்க வேண்டும், அதுவாகப் போகும். அப்படியே நின்றார்கள். அவள் பார்வையில் ஜீப்பும் ஒரு நாயும், அவர் பார்வையில் கடலும் ஒரு நாயும். அவர் முதுகு நடுங்குவது அவள் முதுகுக்குத் தெரிந்தது. கல்யாணமான இத்தனை வருஷத்தில் அவர் பயந்து அவள் அறிந்ததில்லை.

"கால ஊன முடியுதா?" என்றாள்.

"இல்ல. பிரேக்க மிதிக்க முடியாது. நாளைக்கு நாலு பசங்க எனக்காக நிப்பாங்கம்மா" என்றார்.

முகம் தெரியாததால் அவளுக்குத் துணிச்சல் வந்தது. தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன முழம் என்ன.

"ஏங்க, என்கிட்ட லைசன்ஸ் இருக்கு."

"என்ன இருக்கு?"

"லைசன்ஸ். வாங்கிப் பதினாலு மாசம் ஆச்சு."

முதுகு விறைத்தது. திரும்பப் போனார்.

"திரும்பாதீங்க! நாய் பாக்குது."

திரும்ப முடியாத கோபம் பெரிய கோபம். அது மூச்சாக வந்தது. "யாரு... எங்க?"

"அந்தப் பக்கம்."

அலை இரண்டு தடவை வந்து போயிற்று. முன்னைவிட மேலே வந்து போயிற்று.

"ஊருக்கே கத்துக் குடுக்கிறேன். என் பொண்டாட்டி போயி... எத்தனை பேரு சிரிச்சாங்க?"

"யாரும் சிரிக்கல. அந்தம்மா யார்கிட்டயும் சொல்லல. நான்தான் மூணு நாளா உங்ககிட்ட சொல்லத் தவிச்சுட்டு இருக்கேன்." அவளுக்கும் அழுகை வந்தது. கையை அவிழ்க்கக் கூடாதென்பதால் துடைக்காமலே நின்றாள்.

நாய்களுக்கு இவர்கள் குடும்ப விவகாரத்தில் அக்கறை இல்லை போலிருக்கிறது. ஒன்று மேட்டில் ஏறிப் போயிற்று, மற்றது அதன் பின்னாலே ஓடியது. இருவரும் முதுகைப் பிரிக்கக் கொஞ்ச நேரம் ஆனது. அவர் முகத்தை அவள் பார்க்கவில்லை, அவரும் காட்டவில்லை. நேராக நொண்டிப் போய்ப் பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்தார்.

நான்கு டயரிலும் பாதிக் காற்றை இறக்கினாள். ரிவர்ஸ் போட்டு, வந்த தடத்திலேயே மெதுவாக, சக்கரம் வழுக்காமல் பின்னால் வந்தாள். வண்டி ஒரு தடவை முனகியது, பிறகு குழியை விட்டு ஏறியது. பின்னால் நன்றாகப் போய், வேகம் எடுத்து, அந்தப் பலகையை நிற்காமல் கடந்து கெட்டியான ஈர மணலில் இறங்கினாள். மணி பன்னிரண்டு பத்து.

வாத்தியாரின் கால்தான் பேசியது. கரையைக் குறுக்கே வெட்டிக் கடலில் கலக்கும் ஒவ்வொரு ஓடைக்கும், ஒவ்வொரு அலைக்கும் அந்தக் கட்டுப்போட்ட பாதம் தரையை அழுத்தியது. அங்கே பிரேக் இல்லை, வெறும் ரப்பர் விரிப்பு. துப்பட்டாக் கட்டு நனைந்து சிவந்தது.

"கால எடுங்க" என்றாள். "ரத்தம் வருது."

"தானா போகுதும்மா. நான் மிதிக்கல."

அடுத்த ஓடை வந்தது. கால் மறுபடி அழுத்தியது, அவருக்கு வலியில் முகம் சுருங்கியது. அவள் ஓடையை வேகம் குறைத்துச் சாய்வாகக் கடந்து மறுகரை ஏறினாள். கடல் இடது சக்கரத்தை நனைத்துவிட்டுப் போனது.

"அந்தம்மா என்ன செய்வாங்க?" என்று கேட்டார். குரல் சின்னதாக இருந்தது. "பக்கத்துல உக்காந்து?"

"ஒண்ணும் செய்ய மாட்டாங்க. வெளிய வேடிக்கை பாத்துட்டு வருவாங்க."

அவர் இரண்டு கையாலும் முதலில் இடது காலைத் தூக்கினார், பிறகு வலது காலைத் தூக்கினார். சீட்டின் மேலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்தார். பெல்ட் இழுத்துப் பிடிக்க, முட்டி கதவில் இடிக்க, சாப்பாட்டுக்குக் காத்திருக்கும் பிள்ளை மாதிரி இருந்தார். அப்புறம் முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டார். அவள் மூன்றாவது கியரிலிருந்து நான்காவதுக்குப் போனாள். அந்தக் கியர் மாற்றத்துக்கு, பக்கத்தில் இன்னொருவர் இருந்திருந்தால் பாராட்டியிருப்பார். அவர் திரும்பவே இல்லை, அழுகிறாரோ என்று அவளுக்குச் சந்தேகமாக இருந்தது.

படகுத்துறையின் கொடி தெரிந்தபோது அவர் திடீரென்று ஜன்னல் கண்ணாடியைக் கையால் அடித்தார்.

"ஏய், அதோ பாரு, அதோ! திமிங்கலம்! முழுசா எகிறுது!"

அவள் கண்ணை மணலை விட்டு எடுக்கவில்லை.

"நான் ஓட்டிட்டு இருக்கேன்லங்க" என்றாள். "நீங்க பாத்துச் சொல்லுங்க."

அவர் ஒரு நிமிஷம் அவளைப் பார்த்தார். பிறகு மறுபடி கடல் பக்கம் திரும்பி, தொண்டையைச் செருமிக்கொண்டு, சொல்ல ஆரம்பித்தார்.