கயிற்றைப் பிடித்தவர்

போலீஸ் நாய்ப் பிரிவில் அவரைப் போல உழைத்தவர் இல்லை என்று சொல்வார்கள். பெரும்பாலும் அப்படிச் சொல்கிறவர் அவரேதான். "மனுஷன் பொய் சொல்லுவான், நாய் மூக்கு சொல்லாது" என்று வருகிறவன் போகிறவனிடமெல்லாம் அளப்பார். ஞாயிறு வந்தால் நாயை வீட்டுக்கே ஓட்டி வந்து வித்தை காட்டுவார். அக்கம்பக்கத்தாரை வரிசையாக நிறுத்தி, அதில் ஒருவருடைய கைக்குட்டையை வாங்கி மோப்பம் பிடிக்க வைப்பார். நாய் சரியாக அந்த ஆள்முன் உட்காரும். கைதட்டலுக்கு நம் தலைவரின் மீசை துடிக்கும்.

மச்சினனைக் கண்டாலே அவருக்கு ஆகாது. அவன் வேலை பார்த்த கிடங்கில் திருட்டு நடந்து, திருடன் விட்டுப்போன கையுறையை இவர் நாயிடம் காட்டிக் கயிற்றைப் பிடித்து நடத்தியபோது, ஏழு பேர் வரிசையில் அது மச்சினன்முன் உட்கார்ந்தது. அவனை உள்ளே தள்ளினார்கள். சொந்தக்காரன் என்றும் பாராத தன் நேர்மையை இவர் இரண்டு நாள் பீற்றிக்கொண்டார்.

ஞாயிறன்று மனைவி வாசலில் ஆட்களை நிறுத்தினாள்.

"நீங்க அந்தப் பக்கம் திரும்பி நில்லுங்க. யாரோடதுன்னு உங்களுக்குத் தெரியக் கூடாது."

"என் நாய்க்கே பரீட்சையா?" என்று சிரித்தபடி திரும்பி நின்றார். அவள் பக்கத்து வீட்டு டீச்சரின் கைக்குட்டையை வாங்கி நாய்க்குக் காட்டினாள். பிறகு அவர் கயிற்றைப் பிடித்தார். நாய் ஒவ்வொரு ஆளிடமும் நின்று, அண்ணாந்து அவர் முகத்தைப் பார்த்தது. அங்கே ஒன்றும் எழுதியிருக்கவில்லை. மளிகைக்காரர் லேசாக இளித்தார். இவன்தான் என்று இவர் நினைத்தார். நடை தானாகத் தளர்ந்தது. நாய் மளிகைக்காரர்முன் தொப்பென்று உட்கார்ந்து வாலை ஆட்டியது. கைக்குட்டை டீச்சருடையது என்றாள் மனைவி.

"இன்னிக்கு அதுக்கு உடம்பு சரியில்ல."

"அதுக்கு ஒரு கேடும் இல்ல. நீங்க யார நினைக்கிறீங்களோ, அவங்க முன்னாடி உட்காருது. இத்தனை வருஷமா அதத்தான் சொல்லிக் கொடுத்திருக்கீங்க. ஸ்டேஷனுக்கு வாங்க. இத அப்படியே இன்ஸ்பெக்டர்கிட்ட சொல்லி என் தம்பிய வெளிய கூட்டிட்டு வாங்க."

மகா நிபுணர் படியில் பொத்தென்று உட்கார்ந்தார். மீசையெல்லாம் வேர்த்துவிட்டது.

"எப்படி சொல்றது? உன் தம்பிய விட்டா, உள்ள இருக்கிற மத்தவங்களையும் விடணுமேடி."

அவளுக்கு ஒரு கணம் தம்பியே மறந்து போனான்.

"மத்தவங்கன்னா... எத்தனை பேரு?" என்றாள்.