மாமியார் சந்தேகப்பட்ட கை

வணிக வளாகத்தின் கண்காணிப்பு அறைக்குப் புதிதாக வந்த மென்பொருளுக்கு அங்கே வேலை பார்ப்பவர்கள் வைத்த பெயர் மாமியார். பொருத்தமான பெயர்தான். யாராவது ஓடினால் சந்தேகம், முறைத்துக்கொண்டு நின்றால் சந்தேகம். இன்னொருவர் பக்கத்தில் நின்று தோளுக்கு மேலே கையை ஓங்கிவிட்டால் போச்சு. அலாரம் ஊரைக் கூட்டும். அந்த ஆளைச் சுற்றிச் சிவப்புக் கட்டம் போட்டு, நடுவிலிருக்கும் பெரிய திரைக்கு இழுத்து வந்து நிறுத்திவிடும். மற்ற கேமராக்களின் படமெல்லாம் சுவரில் தீப்பெட்டி அளவில் கிடக்கும். எதையென்று பார்ப்பது?

அன்று மாலை, அந்தத் திரைகளைப் பார்க்கும் வேலையிலிருந்த அவளுக்குத் திரையில் கண் இருந்ததே தவிர மனசு இல்லை. காலையில் வீட்டுக்காரரோடு போட்ட சண்டை உள்ளே ஓடிக்கொண்டிருந்தது. வீடுகளுக்குப் பெயின்ட் அடிக்கிறவர் அவர். பக்கவாதம் வந்து, கால் எப்படியோ தேறிவிட்டது. வலது கை மட்டும் நெஞ்சைத் தாண்டி ஏற மாட்டேன் என்றது. பயிற்சி செய்யுங்கள் என்று அவள் கெஞ்சியும் பார்த்தாள், கத்தியும் பார்த்தாள்.

"விட்டுத் தொலை. போன கை போனதுதான்" என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார்.

மனிதர் இப்படியே மூலையில் உட்கார்ந்துவிடுவாரோ என்ற பயம் அவளை அரித்தது. மாலையில் அவளைக் கூட்டிப்போக வளாகத்துக்கு நடந்து வருவார். அவர் வெளியே தலைகாட்டுவது அதற்கு மட்டும்தான்.

அலாரம் அலறியது.

பெரிய திரையில் கீழ்த்தள வண்டி நிறுத்துமிடம். ஒருவன் குனிந்து காருக்குள் பைகளை அடுக்கிக்கொண்டிருந்தான். அவனுக்குப் பின்னால், தூண் மறைவில், ஓர் ஆள் தலைக்கு மேலே பாட்டிலை ஓங்கிக்கொண்டு நின்றார்.

"தூண் பக்கம்! ஆளைப் பிடிங்க!" பக்கத்திலிருந்த சூப்பர்வைசர் வாக்கிடாக்கியில் கத்தினார். மலையண்ணன் என்று எல்லோரும் கூப்பிடும் காவலர் பாய்ந்து வந்தார். அப்போதுதான் அவளுக்குச் சட்டை தெரிந்தது. அவளே இஸ்திரி போட்டுக் கொடுத்த கட்டம்போட்ட சட்டை.

வாக்கிடாக்கியைப் பிடுங்கினாள். "மலையண்ணே, நில்லுங்க! கையப் பிடிச்சு முறுக்கிடாதீங்க! அது என் வீட்டுக்காரர்!"

மலையண்ணன் நீட்டிய கையோடு அப்படியே நின்றார். அவள் வீட்டுக்காரர் வெலவெலத்துப்போய்ப் பாட்டிலைக் கீழே இறக்கினார். உள்ளே வெறும் தண்ணீர். கார்க்காரன் ஒன்றும் அறியாமல் கிளம்பிப் போனான்.

அவளுக்கு ஒரு கணம் கழித்துத்தான் உறைத்தது. எந்தக் கை? வலது கை!

நேற்றைய பதிவை ஓட்டினாள். அதே தூண், பாட்டில் தாடை வரைக்கும் வந்தது. போன வாரப் பதிவில் நெஞ்சுக்கே வரவில்லை, இடது கையால் முட்டுக்கொடுத்துக்கொண்டிருந்தார். மாமியார் சந்தேகப்படுகிற உயரத்துக்குக் கை இன்றைக்குத்தான் ஏறியிருக்கிறது. அதனால்தான் இத்தனை நாளும் யார் கண்ணிலும் படவில்லை.

மலையண்ணன் வாக்கிடாக்கியை அவரிடம் கொடுத்தார்.

"பாத்துட்டியா?" என்றது கூச்சப்பட்ட குரல்.

"ஏங்க, இத வீட்டுல செஞ்சா என்ன? காலையில அவ்வளவு கத்த விட்டீங்களே!"

"வீட்டுல நீ பாத்துக்கிட்டே நிக்கிற. கை ஏறலேன்னா உன் மூஞ்சி வாடிப்போகுது. வலியத் தாங்கிக்கலாம், அதத் தாங்க முடியலம்மா."

பக்கத்தில் நின்று தெம்பு கொடுப்பதாகத்தான் இத்தனை நாளும் நினைத்திருந்தாள்.

மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டாள். "இப்ப என் மூஞ்சி தெரியலல்ல?"

"தெரியல."

"அப்ப இன்னொரு தடவ தூக்குங்க."

அவர் வாக்கிடாக்கியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பாட்டிலை எடுத்தார். நெஞ்சு வரை வந்தது. தாடையருகே கொஞ்சம் திணறியது. பிறகு மேலே போனது. பக்கத்தில் மலையண்ணன் நின்றதால் மாமியார் சும்மா இருக்கவில்லை, மறுபடி அலறியது.

அணைக்கப்போன சூப்பர்வைசரின் கையை அவள் தடுத்தாள்.

"இருக்கட்டும் சார். கொஞ்ச நேரம் கத்தட்டும்."