விளக்குப் பக்கத்தில் வைத்த பில்

கொதிச்சுப் போய்தான் ஸ்ரீ கெம்பாங்கான்ல இருக்கிற சர்வீஸ் சென்டருக்குப் போனேன். வாங்கி பதினாலு மாசத்துல வாஷிங் மெஷின் செத்துப் போனா எவனுக்குக் கோபம் வராது? அதுவும் என் வீட்டுல. என் பொஞ்சாதி ராஜம்மாவுக்கு வாதம் அடிச்சு ரெண்டு வருஷமாச்சு, எல்லாமே படுக்கையிலதான். ஒரு நாளைக்கு நாலு பெட்ஷீட், சில நாள் ஆறு. மக மாதவி ஜோகூர்ல இருக்கா. அம்மாவை முடியாதவங்களைப் பாத்துக்கிற ஒரு ஹோம்ல விடலாம்ப்பான்னு மாசம் ஒரு தடவை ஆரம்பிப்பா. என் உசுரு இருக்கிற வரைக்கும் அது நடக்காதுன்னு போனை வெச்சிடுவேன். அந்த வீறாப்பு எல்லாம் மெஷின் ஓடின வரைக்கும்தான்.

கவுண்டர்ல ஸ்ருதின்னு ஒரு தமிழ்ப் பொண்ணு. ரெண்டு வருஷம் வாரண்டி இருக்குல்லன்னு கத்தினேன். இருக்கு அங்கிள், பில்லைக் காட்டுங்கன்னா. எடுத்து நீட்டினேன். ரெண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தா. தாள் முழுக்கக் கறுத்துப் போய், ஒரு எழுத்து தெரியல.

"எங்க வெச்சிருந்தீங்க அங்கிள்?"

எங்க வைப்பாங்க? புது சாமான் வாங்கினா பில்லுல மஞ்சள் தடவி சாமி மேடையில வைக்கிறதுதான் எங்க வீட்டுப் பழக்கம். வாங்கின நாள்லேர்ந்து காமாட்சி விளக்குப் பக்கத்துலயே இருந்துச்சு. இப்ப பில் அடிக்கிற தாள் சூடு பட்டா கறுத்துடுமாம். அன்னைக்கே போன்ல ஒரு போட்டோ புடிச்சிருந்தா போதுமாம். முப்பது நாளுக்குள்ள ஆன்லைன்ல பதிஞ்சிருந்தா பில்லே வேணாமாம். எனக்கு யாரு சொன்னா?

பில் இல்லாட்டி, மெஷின் ஃபேக்டரியில செஞ்ச தேதியிலேர்ந்து வாரண்டியை எண்ணுவாங்களாம். கடைக்காரன் ஒன்றரை வருஷம் ஸ்டோர்ல போட்டு வெச்ச மெஷினை ஆஃபர்னு என் தலையில கட்டியிருக்கான், அப்படி எண்ணினா வாரண்டி முடிஞ்சு போச்சு. கிள்ளான்ல அந்தக் கடையும் இப்ப இல்ல, அங்க முடி வெட்டுறாங்க. மெஷின் மேல மோட்டாருக்குப் பத்து வருஷம்னு ஒட்டியிருக்கேம்மான்னேன். மோட்டார் நல்லாத்தான் இருக்கு அங்கிள், போனது உள்ள இருக்கிற சர்க்யூட் போர்டு, அதுக்குப் பத்து வருஷம் இல்லன்னா. வாய்க்கு வந்தபடி திட்டிட்டேன். பாவம், அந்தப் பொண்ணு ஒரு ஃபார்ம் எழுதி வாங்கிக்கிச்சு. மேலிடத்துலேர்ந்து பதில் வர மூணு வாரம் ஆகுமாம். சொந்தக் காசுல மாத்த எனக்கு வசதி இல்ல.

காசு போட்டுத் துவைக்கிற டோபிக் கடைக்கு ஒரு தடவை போனேன். பக்கத்துல நின்னவங்க மூக்கைப் பொத்தினாங்க, மறுபடி போக மனசு வரல. கையிலேயே துவைச்சேன். ராஜம்மா கூப்பிட்டா கேக்கணுமேன்னு பாத்ரூம் கதவைத் திறந்தே வெச்சிருப்பேன். அவ படுக்கையிலேர்ந்து எல்லாம் தெரியும். நான் முதுகைப் புடிச்சுக்கிட்டு முருகான்னு எந்திரிக்கிறதும் தெரியும்.

அஞ்சாம் நாள் ஒரே ஒரு பெட்ஷீட்தான் நனைஞ்சுச்சு. அடுத்த நாள் அதுவும் இல்ல. அப்பாடான்னு சந்தோஷப்பட்டேன், மடையன்.

சாயங்காலம் பார்த்தா அவ உதடு வெடிச்சுக் கிடக்கு, நாக்கு காஞ்சு போச்சு. கரண்டியில தண்ணி ஊத்தினேன். பல்லை இறுக்கிக்கிட்டா. தண்ணி கழுத்து வழியா ஓடுது. குடிம்மா, என் கண்ணுல்லன்னு கெஞ்சினேன். அவ பாத்ரூம் பக்கம் பார்த்தா. ஒரு பக்க வாயால, ஒவ்வொரு சொல்லா இழுத்துச் சொன்னா.

"நீங்க... துவைக்கணுமே."

அவ தலைமாட்டுலயே உக்காந்து மாதவிக்குப் போன் போட்டேன். அந்த ஹோம் பேர் என்னம்மான்னு கேட்டேன்.