கையோடு கை

தலையைத் திருப்பும்போதெல்லாம் இடது காதிலிருந்து ரத்தம் கசிந்தது. வாஹித் பஞ்சை அடைத்தான். அது சிவந்தது. பிடுங்கி எறிந்துவிட்டு வேறு அடைத்தான்.

"இன்னும் எவ்வளவு பஞ்சுதான் கேப்பே அண்ணா?" என்று பிணத்தையே அதட்டினான்.

தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த சமத் காகா, செத்துக் கிடக்கும் பாடகன் ஷேர்திலுக்கு வாழ்நாளெல்லாம் தபலா வாசித்தவர். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

"அழுதுடுடா வாஹித். அடக்கி வச்சா அது வேற வழியா வெளிய வரும்."

வாஹித் அழவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு கபன் துணியைச் சுற்றினான்.

நேற்று சாயங்காலம் அண்ணனும் தம்பியும் ஒரு கல்யாண வீட்டில் ரகசியமாகப் பாடிவிட்டுத் திரும்பும்போது, பாட்டுக்குத் தடை போட்டிருந்த துப்பாக்கிக்காரர்கள் சந்து முனைச் சாவடியில் மறித்தார்கள். தள்ளுவண்டியில் உருளைக்கிழங்கு மூட்டைக்கடியில் ஆர்மோனியம் இருந்தது. அவர்களில் ஒருவனான துராப் அதை இழுத்துப் போட்டு பூட்ஸ் காலால் மிதித்தான். கட்டைகள் தெறித்து ஓடின. ஷேர்தில் வாயைத் திறக்கவில்லை.

துராப் வேற்றாள் இல்லை. பாட்டுக்காரர்கள் குடியிருக்கும் இதே காராபாத் சந்தில் இவர்களோடு கோலி விளையாடியவன். அவனுடைய சுன்னத்துக்குப் பாடியது இவர்களின் அப்பாதான். அன்று பாடிய பாட்டையே, கொள்ளுத்தாத்தா மெட்டமைத்த அந்தப் பாட்டையே, துராப் கழுதைக் குரலில் இழுத்துக் காட்டினான். கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். அண்ணன் பேசாமல் நின்றிருக்கலாம், பாவி மனுஷன். நின்றானா?

"ரெண்டாவது அடியில கீழ இறங்கணும் துராப். நீ மேல போயிட்டே," என்றான் ஷேர்தில்.

துராப்பின் துப்பாக்கிக் கட்டை அவன் காதில் ஓங்கி இறங்கியது. விழுந்தவன் மேல் இன்னும் விழுந்தது. வாஹித்தை இரண்டு பேர் மண்ணில் அழுத்திப் பிடித்திருந்தார்கள். ஒரு சுரத்துக்காக உயிரை விடுவானா ஒருத்தன்! விட்டுவிட்டான்.

பிணத்தை வைத்த சந்தூக்கைத் தூக்குவதற்கு முன் வாஹித் உள்ளே போய், ஆடு அறுக்கும் கத்தியை பூட்ஸுக்குள் செருகினான். வாசற்படியில் அண்ணி ஸர்கோனா நின்றிருந்தாள்.

"எதுக்கு அது?"

"சும்மா, அண்ணி."

"சும்மாவா? என்னைப் பாத்துச் சொல்லு. இன்னொரு பிணத்தைக் கழுவ இந்த வீட்டுல ஆம்பளை இல்ல தம்பி. குடு இப்படி."

கொடுத்துவிட்டான். அவள் அதை மாவுப்பானைக்குள் புதைத்துவிட்டுப் பானையை மூடினாள்.

மேட்டுக் கபரஸ்தானில் தொழுகை முடிந்து உடலை இறக்கினார்கள். மண் தள்ளிக்கொண்டிருந்த ஒருவன் மண்வெட்டியை அடுத்தவனிடம் நீட்டினான். சமத் காகா பாய்ந்தார்.

"தரையில போடுடா மடையா! கையோட கை வாங்கினா சாவும் சேர்ந்து வரும்னு தெரியாதா?"

அவன் நாக்கைக் கடித்துக்கொண்டு கீழே போட்டான். அடுத்தவன் குனிந்து எடுத்தான். அப்படியே ஒவ்வொருவராக மாறி, கடைசியில் வாஹித் எடுத்தான்.

அப்போதுதான் துராப் வந்தான். தோளில் அதே துப்பாக்கி. கட்டையைத் துடைத்திருந்தான். கூட்டம் தானாக வழி விட்டது.

"என்னடா வாஹித், மூஞ்சிய ஏன் அப்படி வச்சிருக்கே? ஒரே சந்துல வளந்தவன், நானும் ரெண்டு வெட்டு மண் போடணும்ல?" குழியை எட்டிப் பார்த்தான். "இனிமே உள்ளயே பாடிக்கட்டும், எறங்கி எறங்கி."

யாரும் சிரிக்கவில்லை. வாஹித்தின் கை பூட்ஸ் வரை போய்த் திரும்பியது. இவன் மண்டையைப் பிளந்துவிடலாம், கையில் இருப்பது இரும்புதான். மாவுப்பானையை மூடிய அண்ணியின் கை கண்ணில் வந்தது.

மண்வெட்டியைத் திருப்பினான். தரையில் போடவில்லை. பிடியைத் துராப்பின் நெஞ்சுக்கு நேராக நீட்டினான்.

"புடி."

சமத் காகாவின் வாயில் துஆ நின்றுபோனது. துராப்பின் கை பாதி நீண்டு, நின்றது. துப்பாக்கி தோளிலிருந்து நழுவி முழங்கையில் தொங்கியது. அவன் அதைச் சரி செய்யவில்லை. இரண்டு கைகளையும் மெல்ல முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான்.

வாஹித் நீட்டியபடியே நின்றான். மண்வெட்டியிலிருந்து ஈரமண் கொஞ்சம் கொஞ்சமாகக் குழிக்குள் உதிர்ந்துகொண்டிருந்தது.