பேக்கரி ஓட்டு

ரசிகர் வாக்கெடுப்பு என்பது மனித இனம் தனக்குத்தானே தேடிக்கொண்ட அவமானங்களில் தலையாயது என்று எடிட்டர் காலைச் சாப்பாட்டின்போது அறிவித்தான். கல்லூரிச் சுவர்ப் பத்திரிகைக்கு ஆசிரியர், நிருபர், ஓவியர் எல்லாம் அவனே. வாசகரும் பெரும்பாலும் அவனே. அதனால் வீட்டில் வைத்த பெயர்தான் எடிட்டர். பந்து உள்ளே விழுந்ததா என்பதை வளையம்தான் சொல்ல வேண்டும், போன் வைத்திருப்பவனெல்லாம் சொல்லக் கூடாது என்றான். எதிரே முழங்காலில் ஐஸ் பையுடன் உட்கார்ந்திருந்த அக்கா தலையாட்டினாள். கல்லூரிக் கூடைப்பந்தின் சிறந்த வீராங்கனை விருதுக்கு நின்றவர்களில் அவளும் ஒருத்தி. அன்று மாலையோடு வாக்கெடுப்பு முடிகிறது.

அம்மா தோசையைத் திருப்பிப் போட்டாள். பேக்கரியில் கல்லாவில் உட்காருபவள். போன வாரம் வரை, ரொட்டியை உறையில் போட்டுக் கொடுத்த கையோடு வாடிக்கையாளரின் போனையும் கேட்டு வாங்கிக்கொண்டிருந்தாள். அக்காவின் படத்தைத் தொட்டு, வந்து விழும் ரகசிய எண்ணை அவர்களையே வாசிக்கச் சொல்லி, ஓட்டுப் போட்டுவிட்டுத்தான் மீதிச் சில்லறை. அக்கா முதலிடத்தில் இருந்தாள்.

எடிட்டருக்கு இது அல்வா மாதிரி கிடைத்தது. 'ஒரு ரொட்டி வாங்கினால் ஒரு வீராங்கனை இலவசம்' என்று முழுச் சுவருக்கு எழுதினான். பெயர் போடவில்லை, போடத் தேவையும் இருக்கவில்லை. அக்காவின் அணிப் பெண்கள் சுவர் முன்னால் நின்று விழுந்து விழுந்து சிரித்தார்கள். அக்காவும் சிரித்தாள். சாயங்காலம் வீட்டுக்கு வந்து, இனிமேல் யாரிடமும் கேட்க வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டாள். அதன் பிறகு இரண்டாமிடம், மூன்றாமிடம்.

சாப்பிட்ட கையோடு அக்காவை ஸ்கூட்டரில் ஏற்றி எலும்பு மருத்துவரிடம் கூட்டிப்போனான். அவர் முழங்கால் ஸ்கேன் படத்தை விளக்கில் மாட்டிப் பார்த்தார். அறுவை செய்தால் நன்றாக நடக்கலாம், மாடி ஏறலாம் என்றார். விளையாடுவதைப் பற்றி அவராக எதுவும் சொல்லவில்லை. அக்காவும் கேட்கவில்லை.

மருந்துக்காக வெளியே பெஞ்சில் காத்திருந்தபோது அவள் போனில் எதையோ திரும்பத் திரும்ப இழுத்துவிட்டுக்கொண்டிருந்தாள். எட்டிப் பார்த்தான். வாக்கெடுப்புப் பக்கம்.

"ஜெயிச்சா நடுக் கோர்ட்டுக்குக் கூப்புடுவாங்கடா. ஜெர்சியோட," என்றாள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "அதுக்கப்புறம் நான் எங்க ஜெர்சி போடப்போறேன்."

"அப்பறம் ஏன் அம்மாவ நிறுத்தச் சொன்ன?"

"நீ எழுதுனது சரியாத்தானடா இருந்துச்சு. நல்லாவே எழுதியிருந்த."

 அவன் மருந்துச் சீட்டை நாலாக மடித்தான், பிரித்தான், மறுபடி மடித்தான்.

அவளை மதியம் வீட்டில் இறக்கிவிட்டான். நாலு மணிக்கு மேல், முடி வெட்டிக்கொண்டு வருகிறேன் என்று கிளம்பினான். பேக்கரி வழியாகப் போகாமல் பின் தெருவைச் சுற்றிப் போனான்.

முடிதிருத்துபவர் பாதித் தலையில் இருக்கும்போது சொன்னான்.

"அண்ணே, உங்க போனக் கொஞ்சம் குடுங்களேன். எங்க அக்கா, பாஸ்கெட்பால் ஆடுவா."

கத்தரி நின்றது. "ஓட்டுப் போடுறவன் பூராம் முட்டாள்னு இதே சேர்லதானடா உக்காந்து சொன்ன?"

"சொன்னேண்ணே."

அவர் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு போனை எடுத்துக் கொடுத்தார். அந்த ஓட்டு முடிந்ததும் எடிட்டர் எழுந்தான். கழுத்தில் வெள்ளைத் துணியோடு, முறைக்குக் காத்திருந்தவர்களிடம் வரிசையாகப் போனான். "ஒரு நிமிஷம்தாங்க, எங்க அக்கா, கொஞ்சம் ஓட்டுப் போட்டுடுங்களேன்." வார்த்தை மட்டுமல்ல, தலையைச் சாய்த்த விதமும் அம்மாவுடையது.

கடைசியில் இருந்த பெரியவர் கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தார். போனைத் தள்ளிப் பிடித்து எண்ணை வாசித்தார். "அஞ்சு... இது ஒண்ணா, ஏழா, தம்பி?"

"மெதுவாப் பாருங்கய்யா," என்றான். வெளியே வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. பாதி வெட்டிய தலையோடு அவர் முன்னால் குனிந்து நின்றான். துணியிலிருந்து முடி உதிர்ந்து திரைமேல் விழுந்தது. ஊதிவிட்டு, அவர் சொன்ன எண்ணைத் தட்டினான். அதற்குக் கீழே சின்ன வட்டம் ஒன்று சுற்றிக்கொண்டே இருந்தது.