சந்தனம் பூசிய மைக்

அந்த வருஷம் மழை பொய்த்துப்போய், காரைக்குடிப் பக்கத்து ஸ்டேஷன் ஒன்றில் ரயில் என்ஜினுக்கு ஊற்றவே தண்ணீர் இல்லை. ஸ்டேஷன் கிணற்றின் அடியிலிருந்து தண்டவாளத்துக்குக் கீழே சுரங்கம் குடைந்தால் அந்தப் பக்கத்து ஊற்றைப் பிடிக்கலாம் என்று காண்டிராக்டர் வேலையை ஆரம்பித்தார். தலைக்கு மேல் ரயில் போனால் மண் சரியும். ஆகவே ரயில் வருமுன் ஆட்கள் கிணற்றின் அடிக்கு வந்துவிட வேண்டும். சுரங்கம் வளைந்த பிறகு, மேலிருந்து தொண்டை கிழியக் கத்தினாலும் உள்ளே கேட்கவில்லை. புதுவயல் மைக்செட் இராமுவைக் கூப்பிட்டார்கள்.

கல்யாண வீடுகளில் ஊரையே தூங்கவிடாத அவனுடைய ஆம்ப்ளிஃபயர் கிணற்று மேட்டில் உட்கார்ந்தது. ஒயரும் ஸ்பீக்கரும் சுரங்கத்துக்குள் போயின. ஸ்டேஷன் மணி அடித்ததும் இராமு மைக்கில் சொல்வான். கேட்டதற்கு அடையாளமாகக் கீழே கயிற்றை ஆட்டுவார்கள். கீழே வெட்டியது வேறு யாருமல்ல, அவன் அக்கா புருஷன் உடையப்பன், கூடச் சின்னக்கருப்பன். "நீ மேல இருக்கேன்னுதான்டா அவுகள விடுறேன்" என்று அக்கா சொல்லியிருந்தாள்.

அன்று ஆயுத பூஜைக்கு மறுநாள். இராமுவின் பெண்டாட்டி மீனம்மாளுக்கு எதையும் அரைகுறையாகச் செய்து பழக்கமில்லை. ஆம்ப்ளிஃபயருக்கு ஒரு பொட்டு வைத்தவள், மைக்குக்குச் சந்தனத்தை அப்பியே விட்டாள். காலையில் இராமு மேலோடு துடைத்தான். மைக்கின் கம்பிச் சல்லடைக்குள் இறங்கிய ஈரத்தை யார் பார்த்தது? பூஜை முடிந்து முதல் சத்தம் சாமி பாட்டாக இருக்க வேண்டும் என்பது மைக்செட்டுக்காரர்கள் வழக்கம். பிள்ளையார் பாட்டு ரிகார்டைப் போட்டான். சுரங்கத்துக்குள்ளிருந்து பாட்டு கணீரென்று வந்தது. செட் நன்றாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டான். ரிகார்டுக்கு மைக் வேண்டியதில்லை; மைக்கில் ஒரு வார்த்தை பேசிப் பார்க்கவில்லை, மடையன்.

மணி அடித்தது.

"மச்சான், ரயில் வருது, வெளிய வாங்க!"

கயிறு ஆடவில்லை. மறுபடி சொன்னான். மைக்கைத் தட்டினான். கீழிருந்து டொக்கென்று வரவேண்டிய சத்தம் வரவில்லை. மைக் செத்துவிட்டது என்று அப்போதுதான் உறைத்தது.

கிணற்றுக்குள் தலையை நீட்டிக் கத்தினான்; அவன் குரல் அவனிடமே திரும்பி வந்தது. இறங்கலாமென்றால் பாதிக் கிணறு இறங்குவதற்குள் ரயில் வந்துவிடும். ஓடிப்போய் மறிக்கலாமென்றால் அதோ புகை தெரிகிறது. பாட்டைப் போட்டால் கேட்டுக்கொண்டே மண் வெட்டுவார்கள். அக்கா முகம் கண்முன் வந்து நின்றது.

மைக் ஒயரைப் பிடுங்கிப் பல்லால் கடித்து உரித்தான். வெறும் கம்பியில் விரல் பட்டால் ஸ்பீக்கர் அலறும். அதற்காக எத்தனை கல்யாண வீடுகளில் திட்டு வாங்கியிருப்பான்! வால்யூமை முழுக்கத் திருகிக் கட்டைவிரலைக் கம்பியில் அழுத்தினான். பூமிக்குள்ளிருந்து ஒரு ஊளை கிளம்பியது. விடாமல் அழுத்தினான். கயிறு அப்போதும் ஆடவில்லை. என்ஜின் தடதடவென்று கடந்தது. கண்ணை இறுக மூடிக்கொண்டான்.

ரயில் போய்ச் சற்று நேரம் கழித்துக் கிணற்றுக்குள் யாரோ இருமினார்கள். பிறகு இன்னொருவர்.

"என்னடா மாப்ள, பேய் கணக்கா கத்துச்சு! கயித்தத் தேடவா முடிஞ்சுச்சு, விழுந்தடிச்சு ஓடியாந்தோம்" என்று சிரித்துக்கொண்டே உடையப்பன் மேலே வந்தான். "வளைவத் தாண்டுனோம், பின்னாலயே பொலபொலன்னு சரிஞ்சு மூடிருச்சு." சிரிப்பு பாதியில் நின்றது. "நீ ஏன்டா பேசல?"

இராமு மைக்கை நீட்டினான். உடையப்பன் அதை முகர்ந்து பார்த்தான். திருப்பிக் கொடுத்தான்.

மத்தியானம் புதுவயலிலிருந்து வேறு மைக் வந்தது. சரிந்த மண்ணை இன்றைக்கே அள்ளியாக வேண்டும் என்று காண்டிராக்டர் இராமுவின் பக்கத்திலேயே வந்து நின்றுகொண்டார். மறுபடி இறங்கிய உடையப்பன் கிணற்றின் அடியிலிருந்து அண்ணாந்து பார்த்தான்.

"எதாச்சும் பேசு மாப்ள. ஒங் கொரலக் கேட்டுட்டுத்தான் உள்ள போவேன்."

இராமு வாயைத் திறந்தான். அவன் மூச்சு மட்டும் சுரங்கம் முழுக்கப் பெரிதாகக் கேட்டது.

"போகாதீக மச்சான்" என்றான். "மேல வந்துருங்க."

காண்டிராக்டர் விருட்டென்று திரும்பி மைக்கைப் பறிக்கக் கையை நீட்டினார். இராமு அதை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, இன்னும் உரக்க அதையே திரும்பச் சொன்னான்.